முகத்துவாரத்துக்குப் போகும் வழியைத் திறந்துவிடுங்கள்

சென்னையில் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு நடந்து போகும் வழியில் தடுப்பு போட உத்தரவிட்ட அதிகாரிகளுக்கு,

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. ஊரூர் குப்பத்தைத் தாண்டி, ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்துக்கு நாங்கள் பதினோரு பேர் வந்து சேர்ந்தோம். அதில் ஆறு பேர் பிள்ளைகள். வழியை அடைத்துக்கொண்டு ஆளுயரத்துக்குத் தகரத் தடுப்பு நின்றது. அதில் கட்டுக்கம்பியால் ஒரு பலகையைக் கட்டியிருந்தார்கள்: "பொதுமக்களுக்கு அனுமதி இல்லை." தேதி இல்லை. காரணம் இல்லை. எந்த அலுவலகம் போட்டது என்றும் இல்லை. என் மகனுக்கு ஆறு வயது. இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். பலகையை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, "பொதுமக்கள்னா நாமளாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் ஒரு சங்கமோ அமைப்போ இல்லை. பெசன்ட் நகரிலும் அடையாறிலும் குடியிருக்கும் ஐந்தாறு குடும்பங்கள். 2017இலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இந்த வழியில் நடந்துவிடுவோம். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு எதிரே கூடுவது, கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு வடக்கே போவது, குப்பத்தில் படகு கரையேறியிருந்தால் கொஞ்ச நேரம் நின்று என்ன மீன் வந்திருக்கிறது என்று பார்ப்பது, அப்புறம் மணல் வழியாக உடைந்த பாலம் வரை. போக வர நாலு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நாலு வயதுப் பிள்ளை தூக்கச் சொல்லாமல் நடக்கும், முழங்கால் வலி உள்ள என் மாமியார் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்து சேர்ந்துவிடுவார். டிக்கெட் இல்லை, ஹாரன் இல்லை. குறுக்கே பைக் வருமோ என்று பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதில்லை. சென்னையில் ஒரு பிள்ளையின் கையை விட்டுவிட்டு அரை மணி நேரம் நடக்கக்கூடிய இடம் எத்தனை இருக்கிறது? நீங்களும் இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்கள்தானே, உங்களுக்கே தெரியும்.

அங்கே என்ன இருக்கிறது, வெறும் மணலும் சாக்கடையும்தானே என்று ஒருவர் போனில் என்னிடம் கேட்டார். கேட்டவர் அந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

தண்ணீர் வற்றியிருக்கும் காலைகளில் ஆற்றோரச் சேறு கறுப்பாகப் பளபளவென்று வெளியே தெரியும். முதலில் ஒன்றும் இருக்காது. சத்தம் போடாமல் குத்தவைத்து உட்கார்ந்து நூறு வரை எண்ணச் சொல்வேன். அறுபது எழுபது எண்ணும்போதே சேற்றில் ஓட்டை ஓட்டையாகத் திறந்து குட்டி நண்டுகள் மேலே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதை மேலே தூக்கித் தூக்கி ஆட்டும், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. சின்னக் கையால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, தின்னக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி வெளியே வைக்கும். யாராவது ஒரு பிள்ளை கையை அசைத்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் அங்கே அரை மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வீச்சுவலை போடும் அண்ணன் ஒருவர் வருவார். கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வலையில் ஒரு பகுதியை முழங்கையில் போட்டு, உடம்பை லேசாகத் திருப்பி வீசுவார். வலை காற்றிலேயே வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். அந்தச் சத்தத்துக்காகவே என் மகள் காத்திருப்பாள். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு வலையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கச் சொன்னார். உள்ளே ஏழெட்டு மடவை துள்ளின. கைக்குள் அடங்கும் சின்ன மீன்களைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். ஏன் மாமா விட்டுட்டீங்க என்று கேட்டதற்கு, "இது கடலுக்குப் போய் பெருசாயி திரும்பி வரட்டும் பாப்பா" என்றார். முகத்துவாரம் எதற்கு என்பதை என் மகள் அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துகொண்டாள்.

அந்த வாய் ஏன் சில மாதம் திறந்தும் சில மாதம் அடைபட்டும் இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். வருடத்தில் பெரும்பாலான மாதம் கடல் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது திசை மாறும். ஆற்றில் வரத்து இருக்கும்வரை தண்ணீர் மணலை ஒதுக்கிவிட்டுக் கடலில் சேரும். கோடையில் வரத்து குறைந்ததும் மணல் குறுக்கே ஏறிவிடும். அப்போது கடல் உள்ளே வராது, மீன் வராது, தேங்கிக் கிடப்பது நகரத்தின் கழிவுநீர் மட்டும்தான். பொக்லைன் வைத்து வாயைத் திறந்துவிட்ட இரண்டு நாளில் தண்ணீரின் நிறமும் நாற்றமும் மாறுவதைப் பிள்ளைகள் மூக்கால் தெரிந்துகொண்டார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தபோது அடையாற்றில் வந்த அத்தனை வெள்ளமும் கடலைச் சேர இருந்தது இந்த ஒரு வாய்தான். அதை விடாமல் போய்ப் பார்க்கும் ஜனங்கள் இருப்பது நகரத்துக்கு நல்லதா கெட்டதா?

மேற்கே திரும்பினால் தியசாபிகல் சொசைட்டி என்னும் பிரம்மஞான சபையின் மரங்கள் தெரியும். 1882இல் அவர்கள் அடையாறுக்கு வந்து, ஆற்றின் தென்கரையில் வளர்த்துக் காப்பாற்றிய காடு அது. காலையில் கொக்கும் மடையானும் அந்தப் பக்கமிருந்து பறந்து வந்து இந்தச் சேற்றில் இறங்கும். அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நிற்கின்றன. என் மாமியாருக்கு அந்த மரத்தடிதான் கோயில். அது அவர்களுடைய இடம். எந்த நேரத்தில் யாரை விடுவது என்பது அவர்கள் உரிமை, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் முகத்துவாரம் யாருடைய வளாகமும் கிடையாது.

சரி, உங்கள் பக்கத்துக் காரணத்துக்கு வருகிறேன். பலகையில் எழுதாவிட்டாலும், மனு கொடுக்கப் போனபோது வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்: ஆபத்தான இடம், உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது, பாலத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள், ராத்திரியில் குடிக்கிறார்கள்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆறும் கடலும் சேரும் இடத்தில் இழுப்பு உண்டு. மேலே அமைதியாகத் தெரியும், கால் வைத்தால் அடிமணல் நழுவும். நாங்கள் பிள்ளைகளை அங்கே கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் விட்டதே இல்லை. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதைக் குப்பத்துப் பெரியவர்கள்தான் எங்களுக்குக் காட்டினார்கள். அந்த இடம் ஒவ்வொரு மாதமும் மாறும் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். பாலத்தின் மேல் ஏறக் கூடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1967இல் மீனவர்கள் அக்கரைக்குப் போய்வரக் கட்டி, 1977இல் ஆற்று வேகத்தில் உடைந்த பாலம் அது. அதன் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைத் தடுக்க வேண்டும்தான். அதற்குப் பாலத்தின் ஏறுமுகத்தை அடைத்தால் போதுமே, மணல்வெளி முழுவதையும் ஏன் அடைத்தீர்கள்?

நாங்கள் கூடுகிற அந்த ஷ்மிட் மண்டபம் எதற்காகக் கட்டியது என்று பிள்ளைகள் ஒருமுறை கேட்டார்கள். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாக என்று சொன்னேன். அந்தக் கரை ஆபத்தானது என்று இந்த நகரத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருடமாகத் தெரியும். அதற்காக எலியட்ஸ் கடற்கரையை யாரும் மூடவில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், ரோந்து போட்டார்கள், எங்கே இறங்கக் கூடாது என்று ஜனங்களுக்குச் சொன்னார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தடுப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். மூன்றாவது வாரம், குப்பத்து ஆட்களோடு கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாங்கள் வழக்கமாக உட்காரும் மேட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டட இடிபாடு கொட்டியிருந்தது. நான்கு லோடு இருக்கும். உடைந்த டைல்ஸ், பிவிசி பைப், பழைய சுண்ணாம்புக் காரை. டைல்ஸ் துண்டுகள் சேற்றுக்குள் சரிந்து, நண்டு வளைகள் இருந்த இடத்தை மூடியிருந்தன. ராத்திரியில் லாரி வருகிறது என்று அங்கிருந்த ஆயா சொன்னார். எந்த வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: எட்டு வருடத்தில் இரண்டு முறை இப்படிக் கொட்டினார்கள், இரண்டு முறையும் நாங்கள் மறுநாள் காலையே வண்டித்தடத்தோடு போட்டோ எடுத்துப் புகார் கொடுத்தோம், குப்பை அள்ளப்பட்டது. இந்த முறை மூன்று வாரம் யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடியவர்களைத்தான் நீங்கள் தகரத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டீர்களே.

பார்க்கிற கண்ணால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கரையில் சாட்சி இருக்கிறது. 1988இலிருந்து மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக, ஜனவரி முதல் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் நோக்கி நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அது ஊருக்குத் தெரிந்ததும் கரையில் நடந்து எண்ணிய ஆட்களால்தான். என் மகள் அந்த மாதம் ஒரே காலையில் மூன்றைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த மாதம் குஞ்சு விடும்போது கூட்டிப்போகச் சொன்னாள், போனோம்.

எங்களை விடவும் இந்தத் தடுப்பு அதிகம் பாதித்தவர்கள் குப்பத்து ஜனங்கள். எங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை நடை. அவர்களுக்குப் பிழைப்பு. ஆற்றில் இறால் தடவவும் நண்டு பிடிக்கவும் போகும் பெண்கள் இப்போது தலையில் அன்னக்கூடையோடு அலையடிக்கும் ஓரமாகச் சுற்றிப் போகிறார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட தடுப்பு அவர்களை அலைக்குப் பக்கத்தில் தள்ளியிருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு, சரி, மக்கள் கேட்கிறார்கள் என்று உடனே ஒரு அழகுபடுத்தும் திட்டம் போட்டுவிடாதீர்கள். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது. நம் ஊரில் நீர்நிலை என்றால் ஒன்று பூட்டிக் கிடக்கும், இல்லாவிட்டால் பேவர் பிளாக்கும் கலர் லைட்டும் "ஐ லவ்" எழுத்துகளும் வந்து இறங்கும். இரண்டுமே இந்த இடத்தைக் கொன்றுவிடும். ஆமைக்குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். இருட்டில் கடல்தான் வெளிச்சம். கரையில் விளக்கு எரிந்தால் அது ரோட்டுக்கு ஓடிச் சாகும். நண்டு வளைக்குச் சேறு வேண்டும், சிமெண்ட் கூடாது. சேற்றுத்திட்டுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் முதல் வகைப் பாதுகாப்பில் வருகின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆட்கள் புழங்கினால் பறவை வராது என்று நீங்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. இதே ஆற்றின் வடக்கே தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. 58 ஏக்கர், 2011இல் திறந்தது. குப்பை மேடாகக் கிடந்த நிலத்தை மீட்டு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தி வைத்ததால் அங்கே பறவைகள் திரும்பின. அந்தக் கட்டுப்பாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். நானும் கட்டுப்பாட்டைத்தான் கேட்கிறேன். பூட்டும் கட்டுப்பாடும் வேறு வேறு.

நாங்கள் இதுவரை நான்கு அலுவலகங்களில் மனு கொடுத்துவிட்டோம். ஆறு ஒருவரிடம், மணல் ஒருவரிடம், ரோடு ஒருவரிடம், விளக்கு இன்னொருவரிடம். நான்கு இடத்திலும் இது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். யார் எல்லையிலும் இல்லாத இடத்தில் தகரம் மட்டும் எப்படி வந்தது? உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், எது என்று எனக்கு யாரும் சொல்லாததுதான். உத்தரவில் கையெழுத்திட்டவருக்குத் தெரியும். அவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வேண்டியது இவைதான்.

அந்தத் தகரத்தை எடுங்கள். அதற்குப் பதிலாக, நடந்து போகிறவர் நுழையவும் லாரியும் பைக்கும் நுழைய முடியாமலும் இருக்கிற மாதிரி கல்தூண் நட்டு வையுங்கள். குப்பத்துப் பெண்களின் கூடையும் ஒரு சக்கர நாற்காலியும் போகிற அகலம் போதும். விடிகாலையிலிருந்து ஒன்பது மணி வரையும், சாயங்காலம் நாலிலிருந்து இருட்டும் வரையும் திறந்து வையுங்கள். மீனவர்களுக்கு அந்த நேரக் கணக்கே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் மீனவர்களையும் ஆமைக்காக நடப்பவர்களையும் தவிர வேறு யாரையும் விட வேண்டாம், நாங்களும் வர மாட்டோம். கூட்டம் அதிகமானால் ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு வையுங்கள், காத்திருந்து போகிறோம்.

பாலத்தின் ஏறுமுகத்தை மட்டும் அடையுங்கள். தண்ணீர் இழுக்கும் பகுதியைச் சுற்றி மூங்கிலும் கயிறும் கட்டி, தமிழில், படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படத்தோடு பலகை வையுங்கள். அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எங்கே கட்டுவது என்பதை மாதம் ஒருமுறை குப்பத்து ஆட்களைக் கேட்டு மாற்றுங்கள். நீச்சலும் நீரோட்டமும் தெரிந்த குப்பத்து இளைஞர்கள் இரண்டு பேருக்குக் காலையும் மாலையும் அங்கே சம்பளத்தோடு வேலை கொடுங்கள். வெளியிலிருந்து செக்யூரிட்டி வைப்பதைவிட அது பலமடங்கு உருப்படியாக இருக்கும்.

கொட்டிய இடிபாட்டை மழைக்காலம் தொடங்கும் முன்பே கையால் அள்ளி எடுங்கள். பொக்லைன் இறக்கினால் மிச்சமிருக்கும் வளைகளும் போய்விடும். பேவர் பிளாக், நிரந்தர விளக்கு, சிமெண்ட் பெஞ்ச் எதுவும் வேண்டாம். வயதானவர்களுக்காக, மணல் தொடங்கும் இடத்தில் நூறடிக்கு மரப்பலகை போட்டால் நன்றி உள்ளவர்களாக இருப்போம். 2022இல் மெரினாவில் போட்ட மரப்பாதையில் ஒரு பகுதியை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்தது நினைவிருக்கும். அதனால் கழற்றி மாட்டுகிற மாதிரி போடுங்கள்.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன்னால் ஊரூர் குப்பத்தில், அவர்கள் கடலுக்குப் போகாத ஒருநாளில், ஒரு கூட்டம் போடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும், எங்களுக்குக் கடைசியில் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், அதில் எந்த அலுவலகம், எந்தத் தேதியிட்ட உத்தரவு, என்ன காரணம் என்று இருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தே முக்காலுக்கு நாங்கள் அந்தத் தகரத்துக்கு வெளியே பிள்ளைகளோடு வந்து நிற்போம். உங்களில் யாராவது ஒருநாள் வந்தால், கூட்டிக்கொண்டு போய் அந்த நண்டுகளைக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பெசன்ட் நகரிலிருந்து,
இரண்டு பிள்ளைகளின் அம்மா